பொகாச்சாருக்கு எட்டு டூர் வருமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

ஜூலைல நீங்க டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பத்தி தினமும் எழுதுனத படிச்சுட்டுதான் நானும் எங்க தெரு பசங்களும் ராத்திரி ஒம்போது மணிக்கு போன்ல ஃபினிஷ் பாக்க ஆரம்பிச்சோம். இப்ப 2025 சீசன் முடிஞ்சும் டீக்கடைல சண்டை முடியல. ஸ்லோவேனியாக்காரன் பொகாச்சாருக்கு 27 வயசு, அதுக்குள்ள நாலு டூர் ஜெயிச்சுட்டான், இப்டியே போனா எட்டு கன்ஃபார்ம்னு நான் சொல்றேன். என் ஃப்ரெண்டு, அஞ்ச தாண்டி எவனும் போனதில்ல இவனும் போமாட்டான்ங்கிறான். யார் சொல்றதுணா சரி? நீங்களே ஒரு நம்பர் சொல்லிடுங்க.

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

தம்பிக்கு,

நம்பர் சொல்றேன், கண்டிப்பா சொல்றேன், ஆனா நீ கணக்கு போட்ட விதம் எனக்கு கொஞ்சம் பயமா இருக்கு. 2020ல இருந்து 2025 வரைக்கும் ஆறு தடவ ஓட்டுனான், நாலு தடவ முதல், ரெண்டு தடவ ரெண்டாவது, அப்ப அடுத்த ஆறு வருஷத்துலயும் ஒரு நாலு வந்துரும்னு நினைக்கிற. இதே கணக்க 1997ல மொத்த ஐரோப்பாவும் போட்டுச்சு. யான் உல்ரிச்னு ஜெர்மனிக்கார பையன், 23 வயசுல டூர் ஜெயிச்சான், ரெண்டாவதா வந்தவன விட ஒம்போது நிமிஷத்துக்கு மேல முன்னாடி. இனிமே இவன் காலம்தான்னு எல்லாரும் எழுதுனாங்க. மறு வருஷம் கொட்டுற மழைல, குளிர்ல, இத்தாலிக்காரன் பன்டானி அவன கலிபியே மலைல கழட்டி விட்டுட்டு போனான், அன்னிக்கு ஒரே நாள்ல உல்ரிச் கிட்டத்தட்ட ஒம்போது நிமிஷம் இழந்தான். அதுக்கப்புறம் ரெண்டாவதா எத்தனையோ தடவ வந்தான், டூர் மட்டும் திரும்ப வரவே இல்ல. (அந்த காலத்து ஊக்க மருந்து விவகாரம் தனி கத, அத வேற ஒரு நாள் எழுதுறேன்.)

நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க பக்கம் காசிமேட்டுல ஒரு அண்ணன் இருந்தாரு. விடிகாலைல ஏலம் முடிஞ்சதும் கேரியர்ல மீன் பொட்டிய கட்டிக்கிட்டு கெளம்புவாரு, பின்னாடி ரோடு பூரா ஐஸ் தண்ணி கோடு போட்டுட்டே போவும், அந்த கோட்ட வச்சே அண்ணன் எந்த சந்துல திரும்புனாருன்னு பசங்க சொல்லிருவோம். குடியரசு தினத்துக்கு எண்ணூர் வரைக்கும் போயிட்டு வர்ற சைக்கிள் ரேஸ்ல வரிசையா மூணு வருஷம் அவருதான் ஃபர்ஸ்ட். ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வே வேல நிச்சயம்னு ஏரியாவே சொல்லுச்சு. நாலாவது வருஷம் ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் வண்டி ஒண்ணு பாக்காம ரிவர்ஸ் எடுத்துச்சு. முட்டி போச்சு. அந்த ரேஸ் அன்னிக்கு அவரு ஃபினிஷ் கிட்ட கம்பு ஊணிக்கிட்டு வந்து நின்னு, வர்ற பசங்களுக்கு தண்ணி குடுத்தாரு. அவரு ஸ்பீட நாங்க எல்லாரும் கணக்கு போட்டோம்பா, தினமும் எங்க கண்ணு முன்னாடி போற லாரிய ஒருத்தனும் சேக்கல.

2022 ஜனவரில ஈகன் பெர்னால் நியூஸ பாத்தப்போ எனக்கு அவரு ஞாபகம்தான். கொலம்பியா பையன், 2019ல 22 வயசுல டூர், 2021ல இத்தாலில ஜிரோ, அதுவும் டூர் மாதிரியே மூணு வார ரேஸ். ஊர்ல ட்ரெய்னிங் போகும்போது நின்னுட்டிருந்த பஸ்ஸோட பின்னாடி போய் மோதிட்டான். தொடை எலும்பு, முதுகெலும்பு, விலா எலும்புன்னு ஒண்ணு பாக்கியில்ல. நடப்பானான்னே சந்தேகமா இருந்தவன் திரும்ப வந்து 2025 செப்டம்பர்ல ஸ்பெயினோட மூணு வார ரேஸ் வுவெல்டால ஒரு ஸ்டேஜ் (ஒரு நாள் ரேஸ்) ஜெயிச்சான், பாத்துட்டு அழுதேன். ஆனா பழைய பெர்னால் இல்ல. கிறிஸ் ஃப்ரூமும் அப்டித்தான், நாலு டூர் ஜெயிச்சுட்டு அஞ்சாவதுக்கு ரெடி ஆயிட்டிருந்த மனுஷன், 2019 ஜூன்ல ரேஸுக்கு முன்னாடி ரூட்ட பாத்துட்டு வரும்போது காத்து அடிச்சு சுவத்துல மோதுனாரு, அதோட சரி. அதனால நான் என்ன சொன்னாலும் அது ‘விழாம இருந்தா’ங்கிற வார்த்தைக்கு அப்புறம்தான்.

அப்ப எத வச்சு சொல்றது? ஜெயிச்ச நாள விட தோத்த நாள பாரு, எனக்கு தெரிஞ்ச வழி அதுதான்.

2020ல அந்த டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரும் தனித்தனியா கடிகாரத்தோட ஓட்டுற ரேஸ்) எல்லாருக்கும் தெரியும். கடைசிக்கு முந்தின நாள், இவன் ஊர்க்காரனே ரோக்லிச் 57 செகண்டு முன்னாடி இருந்தான், பிளான்ஷ் தெ பெல் ஃபிய் மலை மேல அவன் வந்து சேரும்போது ஹெல்மெட் கோணலா தலைல ஏறி நிக்குது, மொத்தமும் போச்சு, டூர் பொகாச்சாருக்கு. மறு நாள் பாரிஸ், அதுக்கு மறு நாள் பொகாச்சாருக்கு 22வது பொறந்த நாள். சூப்பர்தான், ஆனா அது எனக்கு எதிர்காலத்த பத்தி ஒண்ணும் சொல்லல. சொன்னது 2022ம் 2023ம். 2022ல கிரானோன் மலைல டென்மார்க்காரன் விங்கேகாரும் அவன் டீமும் மாத்தி மாத்தி அடிச்சு இவன ஒரே நாள்ல மூணு நிமிஷம் கிட்ட பின்னாடி தள்ளுனாங்க, அடுத்த வாரம் ஓத்தகாம் மலைல முடிச்சே விட்டாங்க. மறு வருஷம் கொல் தெ ல லோஸ் மலைல ரேடியோல ‘நான் காலி, செத்துட்டேன்’னு இவனே சொன்னான், அன்னிக்கு விங்கேகார் கிட்ட 5 நிமிஷம் 45 செகண்டு போச்சு. ஏப்ரல்ல மணிக்கட்டு ஒடிஞ்சு ட்ரெய்னிங் கெட்டதும் ஒரு காரணம்னு வையி.

உல்ரிச் இந்த எடத்துல நின்னுட்டான். பொகாச்சார் என்ன பண்ணான்னா, கோச்ச மாத்துனான், கிராங்க் (பெடல மாட்டுற கை) நீளத்த 165 மில்லிமீட்டரா கொறச்சான், வெயில்ல சுருண்டு போறவன் வெயிலுக்குன்னே ட்ரெய்னிங் எடுத்தான். 2024ல ஜிரோவும் டூரும் ஒரே வருஷத்துல, 1998ல பன்டானிக்கு அப்புறம் யாருமே பண்ணாதது, அதே வருஷம் வேர்ல்டு சாம்பியன்ஷிப்பும். 2025ல துலூஸ்ல ஃபினிஷ் கிட்ட கீழ விழுந்தான், கை எல்லாம் செராய்ப்பு, மறு நாள் ஸ்டேஜ் எங்கன்னு பாத்தா அதே ஓத்தகாம். விங்கேகார விட 2 நிமிஷம் 10 செகண்டு முன்னாடி போய் சேந்தான். மூணு வருஷமா அந்த மலைய மனசுல வச்சிருந்தவன் மாதிரி ஏறுனான் தம்பி. ல லோஸ்லயும் இந்த தடவ விங்கேகாரால அவன அசைக்க முடியல. தோல்விய இப்டி வாங்கிக்கிறவனுக்கு இன்னும் டூர் இருக்குன்னு நான் தைரியமா சொல்லுவேன்.

ஆனா உன் ஃப்ரெண்டு சொல்றதையும் சும்மா தள்ளிராத. ஆன்கெட்டில், மெர்க்ஸ், ஹினோ, இந்துராய்ன், நாலு பேரும் அஞ்சோட நின்னாங்க (ஆம்ஸ்ட்ராங்கோட ஏழையும் ஊக்க மருந்துக்காக அழிச்சாச்சு), அதுல ஒருத்தர் கூட 31 வயசுக்கு அப்புறம் ஜெயிச்சதில்ல. மெர்க்ஸ் 29 வயசுலயே கடைசி டூர ஜெயிச்சுட்டாரு. அவருதான் பொகாச்சார் மாதிரி மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் எல்லா ரேஸும் ஓட்டி எல்லாத்தையும் ஜெயிக்கணும்னு நினைச்ச ஆளு, எனக்கு உறுத்துறதும் அதுதான். 2025 டூர் மூணாவது வாரம் நீ பாத்தியே, மஞ்ச ஜெர்சி போட்டிருக்கான், நாலு நிமிஷத்துக்கு மேல லீடு, மூஞ்சில சிரிப்பே இல்ல. கேமராக்கு முன்னாடி எப்பவும் சேட்ட பண்ற பையன் எப்படா வூட்டுக்கு போவோம்னு உக்காந்திருந்தான். கால் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும், மனசு தாங்குமான்னு தெரியல.

சரி, நம்பர். அஞ்சாவது வரும், ரெண்டு வருஷத்துக்குள்ள. ஆறாவதும் வரும்னுதான் என் மனசு சொல்லுது, ஆனா அது பாதிக்கு பாதி. எட்டு வராது. வுவெல்டாக்கு என்னிக்கு சீரியஸா போறானோ அன்னிக்கு அதுவும் கெடச்சிரும், 20 வயசுலயே அங்க மூணாவது வந்தவன். மெர்க்ஸோட 11 கிராண்ட் டூர் (டூர், ஜிரோ, வுவெல்டா மூணையும் சேத்து) மட்டும் அப்டியே இருக்கும், இவனுக்கு இப்ப அஞ்சு, இன்னும் ஆறு ஜெயிக்கிற அளவுக்கு இவன் இந்த மூணு வார ரேஸையே புடிச்சு தொங்குவான்னு எனக்கு தோணல.

2026 டூர் பார்சிலோனால ஸ்டார்ட் ஆகுது, 19வது ஸ்டேஜும் 20வது ஸ்டேஜும் ரெண்டுமே ஆல்ப் துவெஸ் மலைலதான் முடியுது. அங்க அவன் இதுவரைக்கும் ஜெயிச்சதில்ல. 19ம் ஸ்டேஜ் அன்னிக்கு அந்த 21 வளைவுல ஏறும்போது ஸ்கிரீன்ல ஓடுற டைம் கேப்ப விட்டுட்டு அவன் மூஞ்சிய பாரு. பாத்துட்டு எனக்கு எழுது.