பிரிக்கலாமா, விட்டுவிடலாமா? பதினோராயிரம் கண்ணி பிரித்தவள் சொல்கிறேன்

கேள்வி: முதல்முறையாக ஸ்வெட்டர் பின்னுகிறேன். பாதிக்கு மேல் வந்தபிறகு கீழே ஒரு தப்பு தெரிகிறது. பிரிக்க மனசு வரவில்லை. அப்படியே விடலாமா? நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இதை நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் எழுதியிருப்பீர்கள். மடியில் ஊல், கையில் போன். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பீர்கள், அநேகமாக யார் வீட்டிலோ பிறந்த குழந்தைக்காக. வீட்டில் இரண்டு பேரிடம் காட்டி "தெரியுதா?" என்று கேட்டிருப்பீர்கள், அவர்களும் "எங்க? ஒண்ணும் தெரியலையே" என்றிருப்பார்கள், அதற்கப்புறம்தான் உங்களுக்கு இன்னும் பளிச்சென்று தெரிய ஆரம்பித்திருக்கும். சரிதானே? நானும் முப்பது வருஷத்துக்கு மேலாக இதே கேள்வியை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறவள்தான்.

முதலில், எந்தத் தப்பு என்று சொல்லவே இல்லையே நீங்கள். எல்லாத் தப்புக்கும் முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை. (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் டெல்லியில் ஃபந்தா என்பார்கள், நான் கண்ணி என்றே எழுதுகிறேன்.) ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழே ஓடியிருந்தால் நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி போதும், ஒவ்வொரு படியாகக் கோத்து மேலே ஏற்றிவிடலாம். சீதா (வழவழப்பாகத் தெரியும் கண்ணி) வரவேண்டிய இடத்தில் உல்டா (மேடாகத் தெரியும் கண்ணி) போட்டுவிட்டீர்களா, அதற்கு நேர் மேலே ஊசியில் இருக்கும் அந்த ஒரே ஒரு கண்ணியை மட்டும் கழற்றி, தப்பு இருக்கும் படி வரைக்கும் வேண்டுமென்றே இறக்கிவிட்டு, அதே குரோஷா ஊசியால் சரியாக ஏற்றுங்கள். முதல் தடவை வயிற்றைக் கலக்கும். பதினைந்து வரிசை வரைக்கும் நான் இறக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது. கணக்கில் ஒரு கண்ணி கூடிப்போயிருந்தால் ஓரத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள், பக்கத் தையலுக்குள் போய்விடும். இதை "ஏமாற்று வேலை" என்று சொல்கிற சுத்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பின்னியதைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அளவு தப்பு மட்டும்தான் மருந்தில்லாதது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெண் அமெரிக்காவில் மின்னியாபொலிஸில் இருக்கிறாள். பனியில் வாசல் கதவே திறக்காத ஊர். போன தடவை வந்தபோது அடர்பச்சையில் நல்ல ஆட்டு ரோம ஊல் ஆறு லச்சி (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு), ஒவ்வொன்றும் 100 கிராம், கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா, அவருக்கு ஒண்ணு பின்னிக் கொடேன்" என்றாள். மாப்பிள்ளைக்கு முதல்முறையாகப் பின்னுகிறேன், சும்மாவா. அங்கத்திய பேட்டர்னையும் அவளே அனுப்பினாள். கீழ் விளிம்பில் வரும் பார்டருக்கு 6-ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 8-ஆம் நம்பர் ஊசி. என்னிடம் டெல்லி நாளிலிருந்து இருக்கும் அலுமினிய ஊசிகள், தலையில் நம்பர் பொறித்தது, 6-ம் இருக்கிறது 8-ம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் ஊசி நம்பர் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்காவில் நம்பர் ஏற ஏற ஊசி பருக்கும். நம்முடைய 8 என்பது 4 மில்லிமீட்டர், அவர்களுடைய 8 என்பது 5. அவர்களுடைய 6-தான் நம்முடைய 8. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், கணக்கு வருகிறது.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது, அதுதான் வேதனை. எந்த ஸ்வெட்டரிலும் பார்டருக்குத்தான் மெல்லிசு ஊசி, அது இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதில் நம் கணக்குப்படி பார்டருக்குப் பருமன், உடம்புக்கு மெல்லிசு என்று தலைகீழாக வருகிறதே என்று நினைத்தேன். உடனே நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்: சுவிட்சையே மேலே தள்ளி லைட் போடுகிறவர்கள், பார்டரையும் தலைகீழாகத்தான் போடுவார்கள். பார்டர் பாவாடை மாதிரி விரிந்து அலை அலையாக நின்றது, அதற்கு மேல் உடம்பு உள்வாங்கிக்கொண்டு போனது. "துவைச்சா படிஞ்சிடும்" என்று அதற்கும் ஒரு சமாதானம்.

முதுகுப் பக்கம் 22 அங்குலம் அகலம் வரவேண்டும், 99 கண்ணி. அங்குலத்துக்கு நாலரைக் கண்ணி என்று பேட்டர்னில் தெளிவாகப் போட்டிருக்கிறது. எனக்கு ஐந்தரை விழுந்திருக்கிறது. 99-ஐ ஐந்தரையால் வகுத்துப் பாருங்கள், 18. முன்னும் பின்னும் சேர்த்தால் 44-க்குப் பதில் 36. மாப்பிள்ளைக்கு மார்பு 42.

இது தெரியவந்தது கைக்குழி வரைக்கும் பின்னி முடித்தபிறகு, வீடியோ காலில். அவள் "எத்தனை மில்லிமீட்டர் ஊசிம்மா?" என்றாள். "எட்டாம் நம்பர்டி" என்றேன். "மில்லிமீட்டர் கேட்டேன்." ஸ்கேல் எடுத்துக்கொண்டு வந்து அளந்தேன். அவள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் பரவாயில்லை. பின்னால் இவர் சோபாவில் உட்கார்ந்தபடி, "மாப்பிள்ளை கொஞ்சம் இளைச்சா போட்டுக்கலாமே" என்றார்.

112 வரிசை, வரிசைக்கு 99 கண்ணி, 11,088. அன்று ராத்திரி இதைக் கணக்குப் போட்டது நான் செய்த இன்னொரு தப்பு.

எட்டு நாள் பையைத் தொடவில்லை. இழுத்துக் காயப்போட்டால் நாலு அங்குலம் விரியாதா, பக்கத்தில் வேறு கலரில் பட்டை வைத்துத் தைக்கலாமா, ஓரகத்தி பையனுக்குக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் புது ஊல் வாங்கலாமா என்று என்னென்னவோ. நீங்கள் இப்போது இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் காலையில் காபி குடித்துவிட்டு ஊசியை உருவினேன். பிரிப்பதைக் காலையில் செய்யுங்கள், ராத்திரி கோபத்தில் செய்யாதீர்கள், நூல் சிக்கினால் கத்தரிக்கோல் எடுக்கத் தோன்றும். ஊல் விடுபடும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும், சர்ர்ரென்று, நடுவில் எங்கேயாவது ரோமம் பிடித்துக்கொண்டால் நின்று மறுபடி சர்ர்ர். இவர் எதிரே உட்கார்ந்து பந்தாகச் சுற்றினார். மூன்று வாரம் பின்னியது இருபது நிமிஷத்தில் போய்விட்டது. பின்னலை அப்போதுதான் அவிழ்த்த தலைமுடி மாதிரி ஊல் நெளி நெளியாக நின்றது. அப்படியே திரும்பப் பின்னக்கூடாது, கண்ணி ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக விழும். நாற்காலி முதுகில் லச்சியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். ஆட்டு ரோம ஊலுக்கு இது கேட்கும். அக்ரிலிக் அவ்வளவு கேட்காது. அக்ரிலிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை, என் பேரனுக்குப் பின்னியதெல்லாம் அக்ரிலிக்தான், யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

அழவில்லையா என்றால், இல்லை. அழுது முடித்தது 1986-இல். கல்யாணமாகி டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குப் போன முதல் குளிர்காலம். மாடி வீட்டுப் பஞ்சாபி மாதாஜிதான் கற்றுக்கொடுத்தார். மத்தியான வெயிலில் புல்தரையில் கட்டில் போட்டு, வேர்க்கடலைத் தொலி ஒரு பக்கம், ஆரஞ்சுத் தோல் ஒரு பக்கம், வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை நிற்காது. இவருக்குக் கைவைக்காத நேவி ப்ளூ ஸ்வெட்டர், 14 அங்குலம் பின்னிப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மூன்றாவது அங்குலத்தில் ஒரு தப்பைப் பார்த்தவர், "உதேட் தே, பேட்டா" என்றார். பிரித்துவிடு என்று அர்த்தம். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே ஊசியை உருவி இழுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே! கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தச் சிரிப்பு அடுத்த அக்டோபரில்தான் புரிந்தது. டிரங்க் பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டர் அத்தனையையும் பிரித்துப் போட்டார். பெரியவனுக்குச் சிறிசாகிப்போன நீலம், அந்த வருஷம் சின்னவனுக்குக் கோடு போட்ட ஸ்வெட்டராக வந்தது, மிச்சம் காலுறை. இரண்டு மூன்று குளிருக்கு ஒருமுறை அந்தத் தெருவில் எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் லச்சி லச்சியாக ஊல் காயும். அவருக்குப் பிரிப்பது இட்லிக்கு அரிசி ஊறவைப்பது மாதிரி வேலையின் ஒரு பகுதி. நான்தான் பிரித்தால் வேலை செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். ஊல் எங்கே போகிறது, அங்கேயேதான் இருக்கிறது.

"டெல்லியில் குளிர், சரி, சென்னையில் உட்கார்ந்து யாருக்கு ஸ்வெட்டர்?" என்பவர்களுக்கு: மார்கழியில் 21 டிகிரிக்கு மங்கி கேப் போடும் ஊரில் இந்தக் கேள்வி வேண்டாம். இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங்கில் பின்னிக்கொண்டிருந்தேன், "மேடம், இங்கே கொஞ்சம் கவனம் கொடுத்தால் நல்லது" என்று மைக்கிலேயே சொன்னார் ஒருவர். அவர் பக்கத்தில் நாலு பேர் போனை நோண்டிக்கொண்டு, அதில் ஒருவருக்கு கிரிக்கெட் ஸ்கோர் சத்தமே கேட்கிறது. தண்ணீர் லாரி கணக்கில் இரண்டு மாதம் விட்டுப்போயிருந்ததை அன்றைக்குக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? பின்னிக்கொண்டிருந்தவள்தான். கண்ணி எண்ணுகிறவளுக்குக் கணக்கு விட்டுப்போனால் காதில் விழும். அது மினிட்ஸில் ஏறவில்லை, போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிப்பதென்று முடிவு செய்தால் ஊசியை உருவும் முன்னால், தப்புக்குக் கீழே ஒரு சரியான வரிசையில் வெள்ளைக் காட்டன் நூலை மழுங்கின ஊசியில் கோத்து, ஒரு கண்ணி விடாமல் ஓட்டிவிடுங்கள். பிரித்துக்கொண்டே வந்தால் அந்த நூலில் வந்து தானாக நிற்கும், மேலே ஒரு கண்ணியும் ஓடாது. திரும்ப ஊசியில் ஏற்றும்போது ஒரு அளவு மெல்லிய ஊசியால் எடுங்கள், பின்னும்போது பழைய ஊசி. கை வேர்த்தால் கொஞ்சம் பவுடர்.

பச்சை ஸ்வெட்டர் போன டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு உல்டா தப்பாக விழுந்திருக்கிறது. பார்சல் கட்டும்போதுதான் பார்த்தேன், விட்டுவிட்டேன். மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார், நான் பெரிசாக்கிப் பார்த்தது அந்த முழங்கையைத்தான்.

இப்போது அவளுக்கே ஒன்று, சிவப்பு ஊல், 5 மில்லிமீட்டர் என்று எழுதியே இருக்கும் ஊசியும் அனுப்பியிருக்கிறாள். நேற்று ஒரு சின்னச் சதுரம் பின்னி நாலு அங்குலத்துக்கு எண்ணிப் பார்த்தேன். 18 வரவேண்டும், 17 வருகிறது. பிரித்துவிட்டேன்.