பிசிபி பிஸ்டலில் முதல் குண்டுகள் தாழ்கின்றனவா? ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

கேள்வி: விலை குறைந்த 4.5 மி.மீ. பிசிபி (சிலிண்டரில் முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும்) ஏர் பிஸ்டல் வைத்திருக்கிறேன். ரெகுலேட்டர் (ஒவ்வொரு சுடுதலுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) இல்லாத மாடல். 200 பார் (காற்றழுத்த அலகு) நிரப்பி 10 மீட்டரில் சுட்டால் முதல் ஐந்தாறு பெல்லட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து விழுகிறது. அடுத்த பதினைந்து, இருபது நன்றாகக் கூடி விழுகின்றன. பிறகு மறுபடியும் இறங்குகிறது. நிரப்பி வைத்தால் மறுநாள் காலையில் கேஜ் 160 காட்டுகிறது. கனமான ஹேமர் ஸ்பிரிங் போடலாமா? ரெகுலேட்டர் மாட்டினால் சரியாகுமா?

பதில்: ஸ்பிரிங் வேண்டாம். நிரப்பும் அளவைக் குறையுங்கள். கேஜ் இறங்குவது வேறு பிரச்சினை. அதைப் பிறகு பார்ப்போம்.

ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் ஸ்பிரிங் தள்ளும் ஹேமர் என்ற சிறு சுத்தி போய் வால்வு பின்னை அடிக்கிறது. வால்வு ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் திறந்து மூடுகிறது. அந்த வால்வை மூடிப் பிடித்திருப்பதே சிலிண்டரில் உள்ள காற்றழுத்தம்தான். உள்ளேயிருந்து பத்துப் பேர் சாத்திப் பிடித்திருக்கும் கதவை வெளியிலிருந்து தட்டுவது போல, 200 பாரில் ஹேமர் அடித்தும் வால்வு போதிய அளவு திறப்பதில்லை. அழுத்தம் இறங்க இறங்க வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும், பெல்லட்டின் வேகம் ஏறும். ஓர் உச்சத்தைத் தொட்ட பின், தள்ளுவதற்குக் காற்று போதாமல் வேகம் மறுபடி விழும். நீங்கள் சொல்லும் மூன்று கட்டமும் இதுதான். துப்பாக்கியில் கோளாறு இல்லை. அதன் நல்ல பகுதிக்கு மேலே நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கும் ஒத்துப்போகிறது. நொடிக்கு 150 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 22 மி.மீ. விழும், 125 மீட்டரில் போனால் சுமார் 31 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் தாழ்வு என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் குறைந்திருக்கிறது.

அந்த நல்ல பகுதி எங்கே என்று கண்டுபிடியுங்கள். குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) இருந்தால் 200 பாரில் தொடங்கி 100 பார் வரை ஒவ்வொரு பெல்லட்டின் வேகத்தையும், ஐந்துக்கு ஒரு முறை கேஜ் அளவையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே தாளில் சிறு வட்டங்கள் வரைந்து எண்ணிட்டு, பிஸ்டலைத் தாங்கலில் வைத்து, வட்டத்துக்கு ஒரு பெல்லட் சுடுங்கள். உயரம் மாறத் தொடங்கும் இரண்டு இடங்களும் பளிச்சென்று தெரியும். 170 பாரில் சமநிலை தொடங்கி 120-இல் முடிகிறது என்றால், இனி 170 வரை நிரப்பி 120-இல் நிறுத்துங்கள். கெட்ட பெல்லட் ஐந்தாறு போகும், நல்லது ஒன்றுகூடக் குறையாது. ஹேண்ட் பம்ப் அடிப்பவருக்கு இது இரட்டை லாபம், ஏனென்றால் கடைசி 30 பார்தான் முதுகை முறிக்கும். விலை குறைந்த கேஜ் 10 பார் கூடக் குறையக் காட்டுவது சகஜம். அதனால் பிறர் சொல்லும் எண்ணை விட, உங்கள் கேஜ் காட்டும் எண்ணுக்கே மதிப்பு.

கனமான ஸ்பிரிங் போட்டால் இந்த நல்ல பகுதி மேல் அழுத்தத்துக்கு நகரும். முதல் பெல்லட்டுகள் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சுடுதலுக்கும் காற்று அதிகம் போகும். அழுத்தம் இறங்கியதும் ஹேமர் துள்ளி வால்வை இரண்டாம் முறையும் தட்டும். அப்போது ஒற்றை அடிக்குப் பதில் இழுபட்ட 'பர்ர்' சத்தம் கேட்கும். கூடவே ஆற்றலும் ஏறும். 0.51 கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டரில் 5.7 ஜூல், 200 மீட்டரில் 10.2 ஜூல். ஏர் பிஸ்டலுக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு: பிரிட்டனில் சுமார் 8.1 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். வரம்பு தாண்டினால் அது வேறு வகை ஆயுதம். உங்கள் மாடலில் ஸ்பிரிங் அழுத்தத்தை மாற்றும் திருகு இருந்தால், கால் சுற்றாகத் தளர்த்திப் பார்ப்பதே நல்லது. 10 மீட்டர் காகித டார்கெட்டுக்கு வேகம் அவ்வளவு தேவையில்லை.

ரெகுலேட்டர் பற்றி: பிஸ்டல் சிலிண்டர் சிறியது. ரெகுலேட்டரும் அதற்குப் பின்னால் வேண்டிய காற்று அறையும் அதிலேயே இடத்தை அடைத்துக்கொள்ளும். கசிவதற்கு ஓ-ரிங்கும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கூடும். 10 மீட்டருக்கு மட்டும் சுடுபவருக்கு அந்தச் செலவு வீண்.

இனி கசிவு. நிரப்பும்போது காற்று சூடாகும். ஆறியதும் 5 முதல் 10 பார் தானாக இறங்கும். அறை வெப்பம் 10 டிகிரி குறைந்தால் 200 பாரில் இன்னும் 7 பார் போகும். ஆகவே நிரப்பி அரை மணி நேரம் கழித்து வரும் எண்ணையே தொடக்கமாக எடுங்கள். அதற்குப் பிறகும் ஓர் இரவில் 25 பார் போனால் கசிவு உறுதி.

பெல்லட் இல்லாமல், ஹேமரைப் பின்னிழுத்து ஏற்றாத நிலையில், சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் நிரப்பு முனை, கேஜ் திருகு, சிலிண்டர் முன் மூடி மூன்றிலும் தடவி ஐந்து நிமிடம் பாருங்கள். மெல்லிய கசிவு ஊசிமுனை அளவு வெண்நுரையாகத்தான் தெரியும். அங்கெல்லாம் ஒன்றுமில்லை என்றால் பேரல் வாயில் சோப்புப் படலம் வையுங்கள், முகத்தைக் குறுக்கே கொண்டுபோகாமல். படலம் உப்பினால் வால்வு மூடி அமரும் இடத்தில் தூசு இருக்கலாம். பாதுகாப்பான தடுப்பை நோக்கி, பெல்லட் இல்லாமல், காற்று நிறைந்த நிலையில் நாலைந்து முறை சுட்டால் பெரும்பாலும் தூசு பறந்துவிடும். போகாவிட்டால் வால்வைத் திறக்க வேண்டும்.

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுவது சான்றல்ல. காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்துவையுங்கள்; இல்லையென்றால் சத்தமே வராமல் போகும் வரை, பெல்லட் இல்லாமல், பாதுகாப்பான திசையில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பிறகும் ஒரு மறை வழக்கத்துக்கு மாறாக இறுகினால், உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கையை எடுங்கள்.

பழைய ஓ-ரிங்கை உள் விட்டம், தடிமன் இரண்டையும் அளந்து வாங்குங்கள். அசையாத இடங்களுக்கு 90 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் அளவு) பொருந்தும். புதியதை மறையின் மேல் இழுத்தால் விளிம்பு கீறி அன்றே கசியும். மறையை மெல்லிய டேப்பால் மூடிவிட்டு, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி ஏற்றுங்கள். காற்று போகும் பாதையில் பெட்ரோலிய எண்ணெய் கூடவே கூடாது, அழுத்தத்தில் தீப்பற்றக்கூடும். சிலிண்டரில் ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது. சிலிண்டரைத் துளைப்பது, சூடாக்குவது, ராவுவது மூன்றும் விலக்கு.

காலியான பிஸ்டல் காற்றே பிடிக்காவிட்டால் பயப்பட வேண்டாம். ஹேமர் வால்வு பின்மேல் அழுந்தி நிற்கும்; ஹேமரை ஏற்றிவைத்து நிரப்புங்கள். பம்ப் அடிக்கும்போது ஐம்பது, அறுபது அடிக்கொரு முறை நிறுத்தி ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றுங்கள். நிரப்பி முடித்ததும் குழாயின் அழுத்தத்தைத் திறந்துவிடாமல் இணைப்பை இழுக்காதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் டிரிகரைச் சரிசெய்யுங்கள். பலன் அங்கேதான் அதிகம். ஆனால் டிரிகர் இழுப்பின் இரண்டாம் கட்டத்தை (ஹேமரை விடுவிக்கும் கடைசிப் பகுதியை) மிகக் குறைத்தால் தட்டினாலே சுட்டுவிடும். பெல்லட் இல்லாமல் ஏற்றி, பாதுகாப்பான திசையில் பிடியை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். விடுபட்டால் திருகைப் பின்வாங்குங்கள். 10 மீட்டர் போட்டியில் டிரிகரின் இழுவிசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதே விதி. பழகுபவருக்கு 700, 800 கிராம் போதும். பெல்லட் கூட்டம் அதன் பிறகும் விரிந்தால், பின்புறம் பெல்லட் நுழையும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்துச் சுடுங்கள். அது துடித்தால் அங்குள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது.