ஜப்பான்காரரைக் காட்டி வேலையை விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. கல்லூரியில் வாலிபால் ஆடியவர். உயரம் போதாது என்று மாநில அணித் தேர்வில் கழித்துவிட்டார்கள். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பிஸ்டல் சுடும் பயிற்சிக்குப் போகப் போகிறாராம். கேட்டால், “ஜப்பான்ல ஒருத்தர் 45 வயசுல ஒலிம்பிக் போனார் தெரியுமா?” என்று பனியில் தலைகுப்புறச் சறுக்கும் ஒருவரின் படத்தை செல்போனில் காட்டுகிறார். வீட்டுக் கடன் இன்னும் 9 வருஷம் இருக்கிறது. அந்தக் கதை நிஜம்தானா? நான் சரி என்பதா, வேண்டாம் என்பதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: நிஜம்தான், சகோதரி. அவர் பெயர் கஸுஹிரோ கோஷி. ஆனால் உங்கள் கணவர் கதையின் வாலை மட்டும் காட்டியிருக்கிறார்.

கோஷி 1964இல் நாகானோ மாநிலத்தின் கிசோ மலைப்பகுதியில் பிறந்தவர். முதலில் பாப்ஸ்லே வீரர். இரண்டு பேரோ நாலு பேரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து பனித்தடத்தில் இறங்குகிற விளையாட்டு அது. அதில் கனத்த உடம்புக்குத்தான் மவுசு. கோஷிக்கு அந்த உடம்பு இல்லை. (உங்கள் வீட்டுக்காரர் எந்த இடத்தில் நெகிழ்ந்திருப்பார் என்று புரிகிறது!) தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருபதுகளின் பின்பாதியில், அவர் ஸ்கெலட்டனுக்கு மாறினார். சிறிய சறுக்கு வண்டியில் குப்புறப் படுத்து, தலை முன்னால் போக, மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் பாய வேண்டும். பிரேக் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. தோளையும் முழங்காலையும் லேசாக அழுத்தித்தான் திருப்ப வேண்டும். மோவாய்க்கும் பனிக்கும் நடுவே சில விரற்கடை இடைவெளிதான்.

அப்போது ஸ்கெலட்டன் ஒலிம்பிக்கிலேயே இல்லை. 1948க்குப் பிறகு அதைத் தூக்கிவிட்டார்கள். 1998இல் குளிர்கால ஒலிம்பிக் கோஷியின் சொந்த மாநிலத்துக்கே வந்தது. ‘ஸ்பைரல்’ என்று புதுத் தடம் கட்டினார்கள். நம் இந்திய வீரர் சிவ கேசவன் 16 வயதில் லூஜ் என்ற சறுக்கு வண்டியில் மல்லாந்து சறுக்கியதும் அதே தடத்தில்தான். 33 வயது கோஷிக்கு மட்டும் அங்கே போட்டியே இல்லை. ஸ்கெலட்டனை மறுபடி சேர்க்கலாம் என்று ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்தது 1999இல். மறு வருஷமே அதே நாகானோ தடத்தில் உலகக் கோப்பைப் போட்டியில் ஜெயித்தார். அந்த விளையாட்டில் அப்படி ஜெயித்த முதல் ஜப்பானியர் அவர்தான். எனக்கு அவரிடம் பிடித்தது 45 வயது சமாசாரம் இல்லை, கதவே இல்லாத சுவர் முன்னால் நின்ற அந்த ஏழெட்டு வருஷம்தான்.

அப்புறம் ஒலிம்பிக். 2002 சால்ட் லேக் சிட்டியில் 8ஆம் இடம், 2006 டூரினில் 11, 2010 வான்கூவரில் 20. அந்த 20ஆம் இடம்தான் உங்கள் கணவர் காட்டிய படம். வளைவுகளில் அனுபவம் கைகொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும் ஓட்டம் இளம் கால்களுக்கானது. வயது அங்கே தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பதக்கம் ஒன்றும் வரவில்லை. வான்கூவரோடு ஓய்வு பெற்றார்.

உண்மையில் உங்கள் கணவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார். பிஸ்டல் சுட வயது தடையில்லை என்று சொல்ல ஜப்பான் பனிக்குப் போவானேன்? 2024 பாரிஸில் ஒரு கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டாரே, துருக்கியின் யூசுப் டிகெச், அவருக்கு அப்போது 51 வயது. கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். ஆனால் ஒன்று: ஜெண்டர்மரி என்ற துருக்கியின் துணை ராணுவப் போலீஸ் படையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் இந்த விளையாட்டுக்கே வந்தார்.

அதனால் பயிற்சிக்குச் சரி சொல்லுங்கள், ராஜினாமாவுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் காலையில் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சொந்தமாக வாங்கக் கிளம்பினால் இறக்குமதி பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். முதல் வருஷம் கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும். போட்டியில் ஆண்களுக்கு 60 ஷாட். ஒவ்வொரு வாரமும் 60 சுட்டு, வந்த ஸ்கோரைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுங்கள். வேலையை விடுகிற பேச்சை அப்போது எடுக்கலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போவது யார் என்பதை மட்டும் இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.