சிலையின் களிம்பை ஆராய விரும்பும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் மகள், பழைய செப்புச் சிலைகளில் படியும் களிம்பை ஆராயப் போகிறேன் என்கிறாளாம். இதற்கெல்லாம் படிப்பு உண்டா, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு உண்டு. வேலை இலங்கையில் குறைவு. இரண்டையும் சேர்த்தே யோசிப்போம்.

முதலில், பிள்ளை கேட்பது விளையாட்டுக் காரியம் இல்லை. செம்பின் மேல் முதலில் குப்ரைட் என்ற சிவந்த செப்பு ஒட்சைட்டுப் படியும். ஈரமும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் அதன் மேல் மலக்கைட் என்ற பச்சைச் செப்புக் காபனேற்றுப் படலம் வரும். கடலும் வாவியும் சூழ்ந்த நம் பக்கத்தில் உப்புக் காற்றால் குளோரைட்டு சேரும். அதுதான் ஆபத்து. உள்ளே செப்புக் குளோரைட்டாகக் கிடந்து, ஈரம் ஏறியதும் வெளிறிய பச்சைப் பொடியாகக் கிளம்பி உலோகத்தைத் தின்னும். இதை வெண்கல நோய் என்பார்கள். காற்றின் சார்பு ஈரப்பதனை 42 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் இது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்கூட மட்டக்களப்பில் அந்த வறட்சி நிலைக்காது.

எந்தப் பச்சை உலோகத்தைக் காக்கிறது, எது அரிக்கிறது என்று கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒளியையோ எக்ஸ் கதிரையோ செலுத்திப் படிந்த சேர்மம் எதுவென்று இனங்காணும் ராமன் நிறமாலை, எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு போன்ற முறைகள் தேவை. கருவி மட்டும் இருந்தாலும் போதாது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. மண்ணில் புதைந்து கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போய் வெள்ளீயம் மிஞ்சியிருக்கும். மேலே மட்டும் அளந்தால் களிம்பின் கணக்குத்தான் வரும், வார்த்தவன் சேர்த்த கலவை வராது. இதைப் புரிந்துகொள்ள நல்ல இரசாயனவியல் அறிவு வேண்டும்.

அதனால் என் கருத்து இதுதான்: முதல் பட்டம் இரசாயனவியலில் இருக்கட்டும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமோ, சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமோ பரவாயில்லை. அப்புறம் கொழும்பில், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனத்துக்குப் போகலாம். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் முயலலாம். இரசாயனம் படித்தவர் பிறகு தொல்லியலைப் பிடித்துக்கொள்வார். தொல்லியல் படித்தவர் பிறகு இரசாயனத்தைப் பிடிப்பது கடினம்.

தொல்பொருள் திணைக்களம், தேசிய நூதனசாலைகள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம் போன்ற இடங்களில்தான் நேரடி வேலை. வெற்றிடங்கள் எப்போதாவதுதான் வரும். ஆனால் பகுப்பாய்வுக் கருவிகளில் பழகிய கைக்கு நீர், உணவு, தொழிற்சாலை ஆய்வுகூடங்களிலும் இடம் உண்டு. ஆசிரியப் பணியும் இருக்கிறது. சிங்களமும் ஆங்கிலமும் இப்போதே படிக்கத் தொடங்கட்டும், இரண்டும் பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

மருத்துவ பீடம் கிடைத்தால்? அவள் விருப்பமில்லாமல் அனுப்பாதீர்கள், அம்மா. லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் நிற்கும் பொன்முலாமிட்ட வெண்கலத் தாரா சிலை (தாரா ஒரு பௌத்தப் பெண் தெய்வம்), திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்ததாகவே பதிவாகியிருக்கிறது. 143 சென்ரிமீற்றர் உயரம், சுமார் 8ஆம் நூற்றாண்டு. இப்படிப்பட்ட பொருட்களைப் பேணத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் உருவாக வேண்டும் என்பது என் மனதார்ந்த ஆசை.

இன்னொன்று. வீட்டுக் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் துலக்குங்கள், தவறில்லை. கோயிலின் பழைய திருமேனிகளில் மட்டும் யாரும் அதைச் செய்ய விடாதீர்கள். புளியின் அமிலம் காக்கும் படலத்தையும் சேர்த்தே கரைத்துவிடும்.

அடுத்த தவணைப் பெறுபேறு வந்ததும் இரசாயனவியல் புள்ளியை எனக்கு எழுதுங்கள். அதை வைத்துப் பாடத்தெரிவைப் பேசுவோம்.