முடிவு ஒன்றுதானே?

வணக்கம்.

கதையை நாமே தேர்ந்தெடுத்து நகர்த்தும் வீடியோ கேம் ஒன்றை இரண்டு முறை ஆடினேன். இரண்டாம் முறை எல்லாவற்றையும் மாற்றித் தேர்ந்தெடுத்தும் கதை அதே இடத்தில்தான் போய் நின்றது. அப்படியானால் தேர்வு என்பது வெறும் கண்கட்டா? பிறகு ஏன் இத்தனை பேர் இதில் கட்டுண்டு கிடக்கிறார்கள்? எங்கள் பக்கத்து மாந்தோப்புகளை வைத்துத் தமிழில் சின்னதாக ஒன்று செய்யும் ஆசை எனக்கும் நண்பருக்கும் இருக்கிறது. இருவருக்கும் புரோகிராமிங் தெரியாது. எங்கே தொடங்குவது?

— ஒரு வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் படுகளத்தன்று துரியோதனன் விழுவான் என்பது உங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் சனம் இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கிறது. இந்த ஆட்டங்களையும் முடிவுகளின் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது.

டெல்டேல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாம் பாகத்தில் இறந்துவிடுவார். கதை மறுபடி ஒரே தடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் இடைப்பட்ட நேரம் முழுக்க நம்முடன் நடப்பவர் வேறு ஆள், இழப்பும் வேறு. ‘கிளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று திரையோரம் ஒரு வரி வரும்போது, ஒரு சிறுமி நம்மைக் கவனிக்கிறாள் என்ற பொறுப்பு தோளில் ஏறுகிறது. 2015இல் வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ நேரத்தையே பின்னோக்கி ஓட்ட விடுகிறது. அப்போதாவது தேர்வு எளிதாகுமா என்றால், இல்லை. உடனடி விளைவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும், தூரத்து விளைவு தெரியாது. தெரிந்தே செய்தோம் என்பதால் பாரம் கூடுகிறது. நம் கையால் நடந்தது என்ற அந்த உணர்வுதான் ஆளைப் பிடித்து வைக்கிறது.

எல்லாக் கிளையையும் ஏன் தனித்தனியாக எழுதுவதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, அப்படிப் பத்து இடம் என்றால் 1,024 முடிவுகள், 2,047 பகுதிகள். பகுதிக்கு 100 சொல் என்றாலே இரண்டு லட்சம் சொல்லைத் தாண்டும். ஆடுபவர் ஒரு முறையில் படிப்பது 11 பகுதிகள்தான். அதனால் பிரித்து, மறுபடி சேர்த்துக் கட்டுங்கள். ஐந்து தேர்வு, ஒவ்வொன்றிலும் இரண்டு கிளை, பிறகு ஒரு சந்திப்பு என்றால் தொடக்கத்தையும் சேர்த்து 16 பகுதிகளில் முடியும். இருவர் எழுதுவதற்கு அதுவே சரியான அளவு.

ட்வைன் என்ற இலவசக் கருவி போதும். பிரவுசரிலேயே எழுதலாம். ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. பெட்டியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் இணைப்பு உண்டாகும். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் புதிதாக ஒரு காலிப் பெட்டி முளைத்துவிடும், ஆகவே பெயர்களைக் குட்டையாக வையுங்கள். பிரவுசரில் எழுதுவது அந்த பிரவுசருக்குள்தான் சேமிப்பாகிறது. அதன் தரவை யாராவது அழித்தால் கதையும் போகும். தினமும் ஒரு பிரதியை ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். முடித்ததும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக, அதாவது ஒரு வலைப்பக்கமாக, கிடைக்கும், ஃபோன் பிரவுசரிலும் திறக்கும். கேம் என்ஜின் எனப்படும், ஆட்டம் உருவாக்கும் பெரிய மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து உடையும். ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிரவுசரில் அந்தத் தொல்லை இல்லை.

கதைக்கு உங்கள் ஊரே வழி சொல்கிறது. தை மாதம் மரம் பூத்திருக்கிறது. வியாபாரி பூவிலேயே தோப்பைக் குத்தகைக்குக் கேட்கிறார். கொடுத்தால் இன்றைக்குப் பணம். கொடுக்காவிட்டால் பெங்களூரா ரக மா காய்த்து, மாம்பழக்கூழ் ஆலை விலை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் காற்று இருக்கிறது, விளைச்சல் கூடினால் விலைச்சரிவு இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்று கைவிட்டுப் போக வேண்டும். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்று எழுதினால் அது தேர்வே அல்ல. ஒரு விவரமும் தராமல் இடமா வலமா என்று கேட்டால் அது காசு சுண்டுவது.

‘பணம்’, ‘வியாபாரியின் நம்பிக்கை’, ‘தம்பியின் கோபம்’ என மூன்று மாறிகள் போதும். மாறி என்பது தேர்வுக்கு ஏற்ப ஏறி இறங்கும், கதை நினைவில் வைத்திருக்கும் ஒரு மதிப்பு. மூன்றுக்கும் முதல் பெட்டியிலேயே தொடக்க மதிப்பு கொடுத்துவிடுங்கள். விட்டால் பின்னால் ‘பணம் இருந்தால் இந்த வரி’ என்பது போன்ற நிபந்தனைகள் தப்பாக ஓடும். சந்திப்புப் பெட்டிகளில் அந்த மதிப்பைப் பார்த்து ஒரு வரியாவது மாறட்டும். பழைய தேர்வைக் கதை மறந்துவிட்டால்தான் நீங்கள் சொன்ன கண்கட்டு உணர்வு வரும். பொத்தானில் ‘விலை கேள்’ என்று எழுதிவிட்டு உள்ளே நாயகன் சண்டைக்குப் போனாலும் ஆடுபவர் நம்பிக்கை இழப்பார்.

தமிழுக்கே உரிய ஒரு வசதியையும் விட்டுவிடாதீர்கள். வியாபாரியை ‘வாங்கண்ணா’ என்பதா, ‘வாப்பா’ என்பதா? அவர் தெலுங்கில் பேச்சைத் தொடங்கினால் தெலுங்கிலேயே பதில் சொல்வதா, தமிழிலா? உங்கள் மாவட்டத்தில் இது அன்றாடம் நடப்பது. ஒரு விளிச்சொல்லே உறவை மாற்றிவிடும்; அதையே தேர்வாக வையுங்கள். கதையை ‘நீ வந்தாய்’ என்று முன்னிலையில் எழுதினால் வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வடிவம் எழுதும் வேலையும் மிச்சம்.

முதல் வரைவை நாலைந்து பேரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் எல்லோரும் யோசிக்காமல் ஒரே பொத்தானை அழுத்துகிறார்களோ, அந்தப் பெட்டியைத் திரும்ப எழுதுங்கள்.

அன்புடன்.