கவிதை படித்துவிட்டு எழுதினால் அந்தக் கவிஞரின் குரலே வருகிறதே?

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். மொழி வறண்டுவிடக் கூடாது என்பதற்காக, எழுத உட்காரும் முன் அரைமணி நேரம் கவிதை படிப்பது வழக்கம். படிக்கும்போது எழுதியே தீர வேண்டும் என்று வேகம் வருகிறது. எழுதி முடித்துப் பார்த்தால், படித்த கவிஞரின் குரல்தான் கேட்கிறது. கதை எங்கோ போய்விடுகிறது. கவிதை படிப்பதையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். படிக்கும் நேரத்தையும் அளவையும் மாற்றினாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

கவிதை முடிந்ததும் அதன் ஓசை காதைவிட்டு உடனே போய்விடாது. அந்தச் சூட்டோடு பேனாவை எடுத்தால் முதல் வாக்கியமே அந்த ஓசையில்தான் விழும். இரண்டாவது வாக்கியம் முதலாவதைப் பின்பற்றும். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கதையின் நடை முடிவாகிவிடும், அது உங்கள் நடையாக இருக்காது. ஆகவே இரவில் படியுங்கள், காலையில் எழுதுங்கள். காலையில்தான் படிக்க முடியும் என்றால் எழுதி முடித்த பிறகு படியுங்கள். இடையில் ஒரு தூக்கமாவது இருக்கட்டும்.

அரைமணி நேரத்தில் எத்தனை கவிதைகள் படிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து இருக்கும். எழுதுவதற்காகப் படிக்கும்போது ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதுவும் சின்னதாக இருந்தால் நல்லது. தொகுப்பைக் கடகடவென்று படிப்பது வாசகருக்குரிய இன்பம், அதை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கவிதைகளை ஒரே மூச்சில் படித்தால் மனதில் தங்குவது ஒரு மனநிலையும் நாலைந்து பளபளப்பான சொற்களும்தான். எழுத உட்கார்ந்ததும் மனநிலை கரைந்துவிடும், சொற்கள் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் குறிப்பிடும் 'கவிஞரின் குரல்' பெரும்பாலும் இந்தச் சொற்கள்தான்.

கவிதையிலிருந்து கதைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது கவிஞர் செய்த முடிவுகளை. யார் பேசுவது, யாரிடம், எந்த இடத்தில் தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது, எங்கே நிறுத்துவது. கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடிகள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போல மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் இருந்தது.

இதில் பயம், கண்ணீர், துயரம் என்று எந்த உணர்ச்சியின் பெயரும் இல்லை. அவனைத் திட்டுவதற்கு ஒரே சொல், தன் நிலையைச் சொல்ல ஒரே கேள்வி. மீதி மூன்றடியும் பறவைக்கு. சாட்சி என்று ஒன்று இருந்தது, ஆனால் அதன் கண் மீன்மேல் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பறவையின் சிறகு, அலகு எதுவும் அவள் நினைவில் இல்லை, கால்கள் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. அவள் அன்று தலைகுனிந்து எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அந்தக் கால்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. உங்கள் கதையில் 'அவள் நாணத்தோடு தலைகுனிந்தாள்' என்று ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டு, குனிந்தவள் கண்ணில் பட்டது எது என்று எழுதிப் பாருங்கள்.

யாப்பிலும் ஒரு வேலை நடக்கிறது. இது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகை. அதில் கடைசிக்கு முந்தைய அடிக்கு மூன்று சீர் (அடியை அளக்கும் அலகு), மற்றவற்றுக்கு நான்கு. இந்தப் பாட்டில் அந்தக் குறுகிய அடி 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்'. வாய்விட்டுப் படிக்கும்போது குரல் ஒரு சீர் முன்னதாகவே நின்றுபோகிறது, பறவை அசையாமல் நிற்கும் இடமும் அதுதான். கண்ணால் மட்டும் படித்தால் இது பிடிபடாது.

இனி, நாளுக்கு ஒரு கவிதையை எப்படிப் படிப்பது? முதலில் மௌனமாக, அடுத்து வாய்விட்டு. பழைய பாட்டு என்றால் முதல் வாசிப்பில் உரையைத் தொடாதீர்கள். புரிந்த அளவு புரியட்டும். பிறகு உரையைப் பார்த்துவிட்டு, மறுபடி மூலத்துக்கே வாருங்கள். உரையோடு நின்றுவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது உரைகாரரின் வாக்கியங்கள்தான்.

மூன்றாவது, கையால் எழுதிப் பார்ப்பது. அப்படியே பார்த்துப் படியெடுத்தால் கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு வரியைப் படியுங்கள், மூடுங்கள், நினைவிலிருந்து எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள். எங்காவது தவறும். 'நின்றது' என்று கவிஞர் எழுதிய இடத்தில் 'நின்றுகொண்டிருந்தது' என்று எழுதியிருப்பீர்கள், அல்லது அங்கே இல்லாத ஒரு பெயரடையைச் சேர்த்திருப்பீர்கள். அந்தத் தவறுகளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவை காட்டும். நாலைந்து கவிதைகளுக்குப் பிறகு ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வரும். அதை உங்கள் கதைகளிலும் தேடிப் பாருங்கள், நிச்சயம் அகப்படும்.

கடைசியாக ஒரு குறிப்பு, மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அதில் கவிதையின் சொற்கள் ஒன்றுகூட வரக் கூடாது. மேலே சொன்ன பாட்டுக்கு என்றால், 'நடந்ததற்குச் சாட்சி உண்டு, ஆனால் அது வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தது' என்று எழுதலாம். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் இந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு 15 நிமிடம் எழுதுங்கள். ஆறு, பறவை, மீன், காதலன் எல்லாவற்றுக்கும் தடை. பெரியவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருந்த பையன், பத்து வருடம் கழித்து 'நீ அங்கேதானே இருந்தாய்?' என்று கேட்கப்படுகிறான். கேமரா இருந்தும் வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்திருந்த ஒரு கட்டடம். இரண்டுமே கதையாகலாம். யாரும் அவற்றில் குறுந்தொகையைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மரபுக் கவிதை தொடர்ந்து படிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: உரைநடையில் மோனை, அதாவது சொற்களின் முதலெழுத்து ஒன்றி வருவது, புகுந்துவிடும். 'மாலை மயங்கும் மங்கிய வேளையில் மாடியில் மௌனமாக நின்றாள்' என்று எழுதிவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று நினைப்போம். வாய்விட்டுப் படித்தால் மேடைப் பேச்சு. 'விளக்கு போடும் நேரம். அவள் மாடியில் நின்றாள்' என்றால் போதும். ஒரு வாக்கியத்தில் இரண்டு மோனை தானாக விழுந்தால் இருக்கட்டும், மூன்றாவதைக் கலைத்துவிடுங்கள். மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அடியின் அளவை. வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்றே சீர், குறளிலும் அப்படியே, முதலடி நான்கு, இரண்டாவது மூன்று. முடிவில் குறுகுவதால்தான் அழுத்தமாக நிற்கிறது. உங்கள் பத்திகளின் கடைசி வாக்கியங்களைப் பாருங்கள். பலருக்கும் அதுதான் நீளமாக இருக்கும், சொன்னதையே விளக்கிக்கொண்டும் இருக்கும்.

புதுக்கவிதை மட்டுமே படிப்பவர்கள் உரைநடையையும் மடக்கி மடக்கிப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சொல், முற்றுப்புள்ளி, மறுபடி ஒரு சொல். கவிதையில் வரி முறிவு ஒரு சொல்லை அந்தரத்தில் நிறுத்தி வைக்கும். கதையில் அது மூச்சிரைப்பு மட்டுமே. மொழிபெயர்ப்புக் கவிதைகளே உணவாக இருந்தால், வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் தொங்கும் வாக்கியங்கள் உங்களையறியாமல் சேரும். இவை எதற்கும் மருந்து ஒன்றே. ஒரே கவிஞரைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் படிக்காதீர்கள். அடுத்த வாரம் நேர் எதிரான ஒருவரிடம் போங்கள். சொல் சிக்கனக்காரருக்குப் பிறகு வாய் ஓயாதவர், புதியவருக்குப் பிறகு பழையவர்.

கடன் வந்த சொற்களைப் பிடிக்க, முதல் பிரதியில் உங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டுப் பத்தியைப் படியுங்கள். பத்தி நொண்டினால் அது கதைக்குச் சொந்தமானது. அலுங்காமல் நின்றால் அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, எடுத்துவிடலாம். பிறகு கதையின் கடைசிப் பத்தியைத் தாளால் மறைத்துப் படியுங்கள். கதை முடிந்துவிட்டதாகத் தோன்றினால் அந்தப் பத்தி வேண்டாம். தோன்றாவிட்டால், மறைத்த பத்தியில் புதிதாக வரும் தகவல் எது என்று பார்த்து, அதை மட்டும் மேலே ஏற்றிவிடுங்கள்.