கமராப் பையைத் திறக்கும் முன்: விளம்பரப் படப்பிடிப்பு கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டவர்கள் குறைவு. காசு, கடிதம், காவலாளி, இந்த மூன்றைப் பற்றியவைதான் அதிகம். இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் அவை, அதனால் சந்தோஷம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, ஓர் ஆடைக் கம்பனிக்கு ஃபேஸ்புக் பக்கத்துக்கு என்று சொல்லி ஒருநாள் ஷூட் செய்து கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதே படம் காலி வீதியில் பெரிய விளம்பரப் பலகையாக நிற்கிறது. படம் எடுத்தவருக்குத்தானே பதிப்புரிமை? மேலதிகமாகக் காசு கேட்கலாமா?

கேட்கலாம் தம்பி. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்பதென்றால் கொஞ்சம் பொறுங்கள். எடுத்தவருக்கே உரிமை என்பது யூடியூபில் அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் சொல்லக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போன கதை. இங்கே இலங்கையில் செல்லுபடியாவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒருவர் கேட்டு அவருக்காகச் செய்து கொடுக்கும் வேலையில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், பொருளாதார உரிமைகள் (படத்தைப் பாவித்துக் காசு பண்ணும் உரிமைகள்) வேலையைத் தந்தவருக்கே போகும் என்கிறது அந்தச் சட்டம். அதாவது நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் பலகையும் அவர்களுடையது, படமும் அவர்களுடையது. உங்களிடம் மிஞ்சுவது தார்மீக உரிமை: படத்தோடு உங்கள் பெயரைப் போடும்படி கேட்கலாம், பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம். விளம்பரப் பலகையில் யார் படப்பிடிப்பாளர் பெயரைப் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது.

எனவே முதலில் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டிப் பாருங்கள். கொட்டேஷனில் 'சமூக ஊடகப் பாவனைக்கு மட்டும்' என்று ஒரு வரி இருந்து, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலும் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். மார்க்கெட்டிங் மனேஜருக்குப் போன் எடுத்து, பலகை வடிவாக வந்திருக்கிறது, அடுத்த வேலைக்கு வெளிப்புற விளம்பரத்துக்குத் தனி விலை அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். மரியாதையாகக் கதைத்தால் பழையதற்கும் ஏதாவது தர வாய்ப்பிருக்கிறது.

இனிமேல் கொட்டேஷனில் நாலு விஷயம் எழுத வேண்டும். உரிமை யாருக்கு, படத்தை எதில் பாவிக்கலாம் (இணையம், பத்திரிகை, பலகை, பொதியுறை), எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளில். கூடவே, முழுத் தொகையும் கிடைத்த பிறகே பாவனை அனுமதி நடைமுறைக்கு வரும் என்றும் ஒரு வரி. கடைசியில் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் பாவனைக்கு அனுமதிப்பதும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம்தான். வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரலை நம்பி கமராவைத் தூக்காதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை கேட்டலொக் வேலை கிடைத்திருக்கிறது. நகைகளை ஸ்டூடியோவுக்குத் தர மாட்டார்களாம். கடையிலேயே எடுக்க வேண்டும். எப்படித் தயாராவது?

தர மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். காப்புறுதி இல்லாமல் இருபது பவுண் மாலையைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் போகும் தைரியம் எனக்குக் கிடையாது.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் மேலே பாருங்கள். தங்கம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மஞ்சள் கலந்த எல்ஈடி விளக்குகளை வரிசையாகப் பூட்டியிருப்பார்கள். உங்கள் பிளாஷின் வெள்ளை ஒளியோடு அது கலந்தால் 22 கரட் நகை ஒரு பக்கம் செம்மஞ்சளாகவும் மறுபக்கம் பச்சை ஓடியும் தெரியும். கணினியில் அதைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் நீங்கள் இருக்கும் மூலையில் அந்த விளக்குகளை அணைக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். முடியாவிட்டால் கடை திறக்கும் முன்போ பூட்டிய பின்போ எடுக்க நேரம் கேளுங்கள். சாம்பல் நிற அட்டையை ஒவ்வொரு தொகுதிக்கும் ஒருமுறை வைத்து எடுத்தால், முதலாளி 'எங்கள் தங்கத்தின் நிறம் இது இல்லை' என்று சொல்லும்போது காட்ட ஆதாரம் இருக்கும். அவர் கட்டாயம் சொல்வார்.

தங்கம் கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும், உங்கள் சேர்ட்டையும் சேர்த்து. கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு போங்கள். நகையைச் சுற்றி வெள்ளை ட்ரேசிங் தாளால் ஒரு கூடாரம் செய்து, வெளியிலிருந்து ஒளியைக் கொடுங்கள். அப்படி எடுத்தால் பளபளப்பு சீராக வரும், ஆனால் நகை தட்டையாகவும் தெரியும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கூடாரத்துக்குள் ஒரு சிறிய கறுப்பு அட்டைத் துண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். வளையலின் விளிம்பில் ஒரு கருங்கோடு ஓடும். அந்தக் கோடு சரியான இடத்துக்கு வந்ததும் வளையல் உருண்டு எழும்பி நிற்கும். ஒரு கேட்டலொக்குக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த அட்டைத் துண்டுதான். பொலரைசர் (மினுக்கத்தைக் குறைக்க லென்ஸில் பூட்டும் கண்ணாடி) வாங்கிக்கொண்டு போகவா என்றும் கேட்டிருந்தீர்கள். கற்களிலும் கண்ணாடி மேசையிலும் அது கொஞ்சம் உதவும். வெறும் உலோகத்தின் மினுக்கத்தை அது தனியாகப் போக்காது.

மிக அருகில் எடுக்கும் மக்ரோ லென்ஸில் துவாரத்தை எஃப் 11 அளவில் வைத்து, குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். எஃப் 22 வரை மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைப்பது தவறு, சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் முழுப்படமும் மங்கும். மோதிரத்தை நிமிர்த்தி வைக்க ஒரு துளி மெழுகு, தூசிக்கு ஊதுபந்து, கைக்குப் பருத்தி உறை. இவை மூன்றையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஒவ்வொரு தட்டும் உங்கள் மேசைக்கு வரும்போதும் திரும்பிப் போகும்போதும் கடைக்காரர் எண்ணி, எடை பார்த்து எழுத வேண்டும், நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் தம்பி, நம்பிக்கைதானே என்றாலும் விடாதீர்கள். நகையைக் கடை ஊழியர் ஒருவரே எடுத்து வைத்து எடுத்துத் தருவது இன்னும் நல்லது.

நாள் குறிக்கும்போது ஆடி மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண வியாபாரம் குறைந்து கடையில் ஆட்களுக்கு நேரம் இருக்கும், ஆவணிக்குக் கேட்டலொக்கும் தயாராகும். ஆடிவேல் திருவிழா நாட்களை மட்டும் விலக்குங்கள். தேர் புறப்படுவதே அந்தத் தெருவிலிருந்துதான், உங்கள் வாகனம் உள்ளே போகாது.

கேள்வி (தெஹிவளை): அடுக்குமாடிக் கட்டடங்கள், சிறிய ஹோட்டல்களின் வெளித்தோற்றம் எடுக்கிறேன். எத்தனை மணிக்குப் போவது என்று எப்போதும் குழப்பம்.

மணிக்கு முன்னால் திசையைப் பாருங்கள். கொழும்பில் காலி வீதி ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கடற்பக்கக் கட்டடங்களின் முகப்பு கிழக்கே பார்ப்பதால் அவற்றுக்குக் காலை வெயில். எதிர்ப்பக்கக் கட்டடங்களுக்குப் பின்னேர வெயில். வாடிக்கையாளர் மாலையில்தான் வசதி என்றார் என்பதற்காகக் கடற்பக்க ஹோட்டலின் முகப்பை ஐந்து மணிக்கு எடுக்கப் போனால் முகப்பு இருட்டு, பின்னால் வானம் வெள்ளை. அந்த நேரத்தில் அதே கட்டடத்தின் பின்பக்கத்தை, கடலைப் பார்க்கும் பல்கனிகளை எடுங்கள்.

வடக்கே பார்க்கும் முகப்புகளுக்கு இன்னொரு கணக்கு. நாங்கள் பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் கொழும்பின் தலைக்கு நேர் மேலே வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், மிச்ச மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்கு முகப்பில் வெயில் விழும் காலம் ஏறக்குறைய தென்மேற்குப் பருவமழைக் காலமும்தான். மே, ஜூனில் வானம் வெளித்த ஒரு காலை கிடைத்தால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள்.

ஏப்ரலில் மொடலை வெளியே நிறுத்தி நண்பகலில் எடுப்பதைப் பற்றி ஒன்றுதான் சொல்லலாம்: கண் இரண்டும் குழியாகிவிடும். சித்திரைப் புத்தாண்டு விளம்பரங்களை மாசி மாதமே எடுத்து முடிக்க அது ஒரு காரணம்.

விளக்குகள் எரிய, வானம் நீலமாக இருக்கும் படம் வேண்டுமென்றால் கொழும்பு உங்களுக்கு அதிக நேரம் தராது. சூரியன் ஆண்டு முழுவதும் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைகிறது. மறைந்து இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஐரோப்பியக் காணொளிகளில் ஒரு மணி நேரம் சாவகாசமாக எடுப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிரைபொட் ஐந்தரைக்கே நிற்க வேண்டும், எல்லா அறைகளிலும் விளக்கைப் போட ஹோட்டல் ஆள் ஒருவர் போனில் இருக்க வேண்டும்.

கேள்வி (மட்டக்குளி): கோட்டைப் பகுதியிலும் சுதந்திர சதுக்கத்திலும் எடுக்கப் போனால் காவலாளிகள் மறிக்கிறார்கள். பொலிஸார் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு கேள்வி கேட்கிறார்கள். போனில் எடுப்பவர்களை யாரும் கேட்பதில்லையே?

டிரைபொட்டை விரித்ததும் நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அந்த இன்னும் நாலு கேள்வி ஏன் வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது கூடியது, முன்பும் இல்லாமல் இருக்கவில்லை. அதற்காக வேலையை விட முடியாது. வாடிக்கையாளரின் கடிதத் தலைப்பில், சிங்களத்தில், என்ன வேலை, எந்த நாள், யார் யார் வருகிறார்கள், உறுதிப்படுத்த எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்று எழுதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த இலக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆறரைக்கு அலுவலக இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தால் கடிதத்தால் பயனில்லை. மனேஜரின் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கேளுங்கள்.

அது உங்கள் அடையாளத்துக்கு. இடத்துக்கான அனுமதி தனி. விகாரமகாதேவி பூங்காவுக்கு மாநகர சபை, ரயில் நிலையங்களுக்கு ரயில்வே திணைக்களம், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்குத் தொல்லியல் திணைக்களம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவு. விண்ணப்பத்தை வாடிக்கையாளர் பெயரில் போடுங்கள், கட்டணத்தையும் அலைச்சலையும் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். கோட்டையில் ஜனாதிபதி மாளிகை, துறைமுகப் பக்கம் அதைப் பறக்கவிடும் யோசனையே வேண்டாம்.

வெறிச்சோடிய தெரு வேண்டுமா? போயா (பௌர்ணமி விடுமுறை) தினக் காலைகளில் கோட்டையில் அலுவலக நெரிசல் இருக்காது. வெசாக்கில் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): படங்கள் கொடுத்து மூன்று மாதம். எக்கவுண்ட்ஸில் கேட்டால் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்கிறார்கள்.

உங்கள் பில் அவர்கள் மேசையில் இல்லை என்று நினைக்கிறேன். பெரிய கம்பனிகளில் கொள்வனவுக் கட்டளை இலக்கம் இல்லாத பில் ஒரு மூலையில் கிடக்கும், யாரும் அதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். நாளைக்கே போன் எடுத்து, எப்போது காசு வரும் என்று கேட்காமல், பில்லில் என்ன குறை என்று கேளுங்கள். அடுத்த வேலையிலிருந்து பாதி முற்பணம். அது கைக்கு வராமல் நாள் குறிக்காதீர்கள்.

கேள்வி (வத்தளை): ஹோட்டல் அறையிலிருந்து நீச்சல் குளத்துக்கு வந்தால் லென்ஸ் முழுக்க ஈரம் படிந்து மங்குகிறது. பழைய லென்ஸ் ஒன்றில் பூஞ்சையும் பிடித்திருக்கிறது.

குளிரூட்டிய அறையிலிருந்து கொழும்பின் ஈரக் காற்றுக்கு வந்தால் அப்படித்தான். வெளியே போக அரை மணி முன்பே பையை மூடியபடி கொண்டுபோய் நிழலில் வையுங்கள், திறக்க வேண்டாம். துடைத்துத் துடைத்து எடுப்பது நேர விரயம். பூஞ்சைக்கு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் உலர் அலுமாரி வாங்குங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்யும்வரை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

கேள்வி (கல்கிசை): விருந்து மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே கோடு கோடாக இருட்டு. கமரா பழுதா?

இல்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு தரம் துடிக்கும். ஒலியில்லாத எலெக்ட்ரொனிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறி, 1/50 அல்லது 1/100 வேகத்தில் எடுத்துப் பாருங்கள். மலிவான எல்ஈடி அலங்கார விளக்குகள் அதற்கும் அடங்காது. அவற்றை அணைக்கச் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): அக்காவா அண்ணாவா தெரியாது. உள்ளக அலங்கார ஷூட்டுகள் நிறைய வருகின்றன. தனி வீடுகளுக்குத் தனியாகப் போக அம்மா விடுகிறா இல்லை. ஏஜென்சியோ ஓர் ஆளுக்குத்தான் காசு தருமாம்.

அண்ணாதான் தங்கச்சி. அம்மா சொல்வது சரி, அவ காரணம் சொல்லாவிட்டாலும். லைட் ஸ்டாண்ட் பிடிக்கவும் கதிரை நகர்த்தவும் உதவியாளர் இல்லாமல் ஒரு வரவேற்பறையைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. கொட்டேஷனில் 'உதவியாளர்' என்று தனி வரி போட்டால் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். உங்கள் நாள் கூலிக்குள்ளேயே அதைச் சேர்த்து ஒரே தொகையாக எழுதுங்கள். யார் கூட வருகிறார் என்று வீட்டுக்காரருக்கு முதல் நாளே பெயரோடு அனுப்பிவிடுங்கள், வாசலில் கேள்வி வராது.